அறைவீடு: வாசகர் கேள்வி பதில்

இரண்டு மாதத்துக்கு முன்பு இந்தப் பக்கத்தின் அடியில், 'தினமும் செபிக்க முடியவில்லை என்று வருந்துகிறவர்கள் எழுதுங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்து மனது கனத்துப்போனது. செபத்தில் அக்கறை இல்லாதவர்கள் யாரும் எழுதவில்லை. செபிக்கத் துடித்து, முடியாமல் போய், தங்களையே நொந்துகொள்கிறவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

புதிதாக இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தேவகோட்டையில் இருக்கிறேன். 34 வருஷம் தொடக்கப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். கிராமத்துக் கத்தோலிக்கக் கோயிலில் மறைக்கல்வி சொல்லும் உபதேசியாராக இருந்தவரின் மகள். இறையியல் படித்ததில்லை. என் வாழ்க்கையில் செய்து பார்த்ததையும், பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள். ஐந்து மணிக்குக் குழாய்த் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி, ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன், ஒன்பதரைக்குக் கடை என்று ஓடுகிறது. ஒவ்வொரு தவக்காலமும், ஒவ்வொரு புத்தாண்டும், நாலு மணிக்கே எழுந்து ஒரு மணி நேரம் செபிப்பேன் என்று தீர்மானம் எடுக்கிறேன். நாலு நாள் நடக்கும், மிஞ்சினால் பத்து நாள். ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டால் அதோடு போயிற்று. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான் 21-ஐத் தொட்டதே இல்லை. எனக்கு விசுவாசம் குறைவா, டீச்சர்?

பதில்: விசுவாசம் குறைந்தவள் இத்தனை தடவை தொடங்கியிருக்க மாட்டாள், மகளே. முதல் தடவையோடு விட்டிருப்பாள். எனக்கு இடறலாகப் பட்டது அந்த ஒரு மணி நேரம்தான். உன் நாளில் அதைத் திணித்தால் பத்து நாள் தாங்கியதே பெரிய காரியம். 6-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு மடத்து ஒழுங்கு எழுதிய புனித பெனடிக்ட், சபையாகக் கூடியிருக்கும்போது செபம் மிகச் சுருக்கமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அவருக்கும் முன்பே எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள், அம்பு எய்வதுபோலச் சின்னச் சின்ன செபங்களை அடிக்கடி சொல்வார்களாம். நீட்டினால் கவனம் மழுங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புனித அகுஸ்தீனார் ஒரு விதவைப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். வீடு வாசல் துறந்தவர்களே தங்கள் மனசின் அளவு தெரிந்து நடந்திருக்கிறார்கள். தண்ணீர் பிடித்து, இட்லி ஊற்றி, இரண்டு பிள்ளைக்குத் தலை சீவிவிடும் நீ அவர்களைவிட நீளமாகச் செபிக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. இந்த மூன்று வேளையும் கோயில் மணி அவர் பொறுப்பு. இப்போது மூவேளை செபம் என்கிறோம், அப்போது திரிகால செபம் என்போம். மும்மூன்றாக மூன்று தடவை அடிப்பார், ஒவ்வொரு மூன்றுக்கும் நடுவில் நிறுத்துவார், கடைசியில் விட்டு விட்டு ஒன்பது. 'ஏம்ப்பா நடுவுல நிப்பாட்டுறீங்க?' என்று சின்ன வயதில் கேட்டேன். 'ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரம்த்தா அது' என்றார். கை கயிற்றில் இருக்கும், உதடு அசைந்துகொண்டிருக்கும். மணிச் சத்தம் கேட்டதும் மிளகாய்க் கொல்லையில் களை எடுக்கும் பெண்கள் நிமிர்வார்கள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மண் ஒட்டிய விரலாலேயே நெற்றியில் சிலுவை போடுவார்கள். இரண்டு நிமிடம் போல நிற்பார்கள். மறுபடி குனிந்துவிடுவார்கள். செபிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வது எப்படி என்று அவர்களில் ஒருத்தியும் யோசித்திருக்க மாட்டாள். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை மணி பார்த்துக்கொண்டது.

அந்த மாதிரி ஒரு மணியை உன் வீட்டுக்குள் தேடு. காலையில் பால் காய்ச்சுகிறாய் அல்லவா? அடுப்பில் பாலை வைத்தால் பொங்கும்வரை அங்கேயே நின்றாக வேண்டும். அரை லிட்டர் பொங்க என் அடுப்பில் நாலு நிமிடம் பிடிக்கிறது. அடுப்பைப் பற்றவைத்ததும் சிலுவை அடையாளம் போடு. ஆண்டவர் கற்றுக்கொடுத்த பரலோக மந்திரம் ஒன்று, அவசரப்படாமல். பிறகு, அன்றைக்கு உன் வயிற்றைப் பிசையும் ஒரே ஒரு விஷயத்தை, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லு. 'இன்னைக்கு ஸ்டாக் எடுக்குறாங்க, கணக்கு ஒத்துவரணும் ஆண்டவரே.' பால் பொங்கினால் ஆமென். இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று ஆசையாக இருந்தாலும் முதல் இரண்டு மாதம் நீட்டாதே. ஆசை மிச்சமிருக்கும்போதே முடித்தவளுக்கு மறுநாள் கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

அடுப்படியில் நின்றுகொண்டு சொல்வதெல்லாம் செபமா என்ற சந்தேகம் உனக்கு வரும். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்தவர் சகோதரர் லாரன்ஸ். ஆளாளுக்கு ஒன்றைக் கேட்டுக் கூப்பிடும் இரைச்சலிலும், நற்கருணை முன் முழங்காலில் இருப்பதைப்போலவே ஆண்டவரோடு அமைதியாக இருக்க முடிகிறது என்று சொன்னவர். அவருக்கும் அது ஒரே வருஷத்தில் வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் பல வருஷம் தவித்தவர்தான்.

அந்த 21 நாள் கணக்கை மனசிலிருந்து எடுத்துவிடு. லண்டனில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் ஓட்டம் என்று ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு அதை முடிச்சுப்போட்டுச் செய்து வந்தார்கள். யோசிக்காமலே கை செய்யும் நிலைக்கு வர ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று, அந்த 12 வாரத்தில் கண்டதை வைத்துக் கணக்கிட்டார்கள். நடுவில் நிற்கும் எண் 66. இன்னொன்றும் கண்டார்கள்: இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் அதனால் பழக்கம் கலைந்துவிடவில்லை. செபத்தைப் பற்றிய ஆய்வு இல்லைதான். ஆனால் செபிக்க எழுந்திருப்பதும் இதே உடம்புதானே.

ஆகவே ஒரு நாள் தவறினால் மறுநாள் பால் அடுப்பில் ஏறும்போது வழக்கம்போல நின்றுகொள். நேற்றுக்கும் சேர்த்து இரண்டாகச் சொல்லாதே. மூன்றாம் வகுப்பில் நான் பட்ட அனுபவம் இது: நேற்று வராத பிள்ளையிடம், 'நேத்து பாடத்தையும் சேர்த்து எழுது' என்று சொல்லிப் பார்த்தால், அந்தப் பிள்ளை நாளைக்கும் வராது. 'வந்துட்டியாத்தா, உக்காரு' என்றால் போதும். நான் இதைக் கற்றுக்கொள்ளப் பத்து வருஷம் ஆனது. ஆண்டவருக்கு இது முதலிலிருந்தே தெரியும்.

கேள்வி: கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். பள்ளத்தூரில் மாமனார் வீடு. முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டுக்குக் கேட்காது, அவ்வளவு பெரிய வீடு. ஆனால் நான் முழங்காலிட ஓர் இடம் இல்லை. யாரும் தடுக்கவில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

பதில்: உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இந்த மாதப் பகுதிக்கு 'அறைவீடு' என்று பெயர் வைத்தேன். மத்தேயு 6:6-ஐ எடுத்துப் பார். நாம் இப்போது வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில், உன் உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துக்கொண்டு தந்தையை நோக்கி வேண்டு என்று வரும். பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'அறைவீடு' என்று இருக்கும். கிரேக்கத்தில் உள்ள சொல் 'தமெயோன்'. வெறும் உள்ளறை என்று மட்டும் அதற்குப் பொருள் இல்லை. தானியம், எண்ணெய், சாமான் போட்டுவைக்கும் அறை அது. காகங்கள் விதைப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை, அவற்றுக்குச் சேமிப்பறையும் இல்லை என்று லூக்கா 12:24-ல் ஆண்டவர் சொல்லும்போதும் இதே சொல்தான் வருகிறது.

அப்படியானால் ஆண்டவர் உன்னை எங்கே போகச் சொல்கிறார் என்று பார்த்தாயா? சாமான் அறைக்கு! செட்டிநாட்டு வீட்டில் வேறு எதற்குப் பஞ்சமிருந்தாலும் சாமான் அறைக்குப் பஞ்சம் கிடையாது. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிப் பார். பித்தளை அண்டா, ஊறுகாய் ஜாடி, சீர் வந்த எவர்சில்வர், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பாய்க்கட்டு என்று அடைந்து கிடக்கும் ஓர் அறை உன் வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு மணை போடும் அளவுக்கு இடத்தை ஒதுக்கிக்கொள். சுவரில் சுரூபம் வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம். செபமாலையை ஒரு சின்னக் கொட்டானில் போட்டு அலமாரித் தட்டில் வைத்தால் போதும். தினமும் அதே மணை, அதே தட்டு. இடம் மாறாமல் இருந்தால் மனசு சீக்கிரம் அடங்கும்.

ஆனால் மறைவாக என்றால் ஒளிந்துகொண்டு என்று அர்த்தம் இல்லை. உன் மாமியாரிடம் நேராகச் சொல்லிவிடு. 'அயித்தை, சாயங்காலம் நீங்க வெளக்கு ஏத்துற நேரத்துக்கு நானும் அஞ்சு நிமிஷம் சாமான் ரூம்ல செபம் சொல்லிட்டு வாரேன்.' விளக்கு வைக்கும் நேரத்தில் உங்கள் வீட்டில் யாரும் யாரையும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். நம் மாலை மணியும் அந்த ஆறு மணிதான். அந்த வீட்டில் ஏற்கனவே புனிதமாக வைத்திருக்கும் ஒரு நேரத்துக்குள் நீ போய் உட்காருகிறாய். கூச்சம் எதற்கு?

நானும் ஒரு செட்டியார் வீட்டின் பக்கப் பகுதியில்தான் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர்கள் சென்னையில். வளவில் ஓர் ஆச்சி மட்டும் இருக்கிறார். ஆறு மணிக்கு அவர் விளக்கேற்றிக் கும்பிடுவார், நான் இந்தப் பக்கம் என் நாற்காலியில் உட்காருவேன். 20 வருஷத்துக்கு மேல் இப்படி. இவரைப் பற்றிக் கடைசிக் கேள்விக்கான பதிலில் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: தேவகோட்டை பக்கம்தான் ஊர், இப்போது சிங்கப்பூரில் கட்டுமான வேலை. இரவு வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, பதினோரு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து செபமாலை எடுத்தால் இரண்டாம் பத்துக்குள் தூங்கிப்போகிறேன். தூக்கம் வராத நாளில் மனசு ஓவர்டைம் கணக்கு, ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய கடன் என்று ஓடுகிறது. இப்படிச் சொல்லும் செபத்தைக் கடவுள் ஏற்றுக்கொள்வாரா?

பதில்: தம்பி, 1897-ல் 24 வயதில் இறந்துபோன குழந்தை இயேசுவின் தெரேசா, மடத்தில் செப நேரங்களில் தூங்கிவிடுவதுண்டு என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகள் விழித்திருக்கும்போதும் தூங்கும்போதும் பெற்றவர்களுக்கு ஒரே பிரியம்தானே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார். திருச்சபை அவரைப் புனிதை என்றது, பிறகு மறைவல்லுநர் என்றும் அறிவித்தது. தூக்கத்தில் பாதியில் விட்ட செபமாலையைக் காவல் சம்மனசு, அதாவது காவல் தூதர், சொல்லி முடிப்பார் என்று எங்கள் அப்பத்தா சொல்வார். மறைக்கல்வி நூலில் இருக்கிறதா என்று நான் தேடியதில்லை. அப்பத்தா நம்பினார்.

தூங்கியதற்காக வருந்தாதே. ஆனால் நேரத்தை மாற்று. பன்னிரண்டு மணி நேரம் உடம்பு உழைத்தபிறகு கட்டிலில் உட்கார்ந்தால் அது தூங்கத்தான் செய்யும். காலையில் உங்களை லாரியில் ஏற்றி வேலைத்தளத்துக்குக் கொண்டுபோவார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தை எடுத்துக்கொள். செபமாலையின் ஐந்து பத்தும் வேண்டாம், ஒரு பத்து. இரவில் படுக்கும்போது ஒரே வரி: இன்றைக்கு உயிரோடு கீழே இறங்கினேன், நன்றி. உயரத்தில் நின்று வேலை செய்கிறவனுக்கு அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் தம்பி சாரத்தில் நின்று வேலை பார்த்தவன்.

கடன் ஞாபகம் வருவதைப் பற்றி. அதைத் துரத்திவிட்டுத்தான் செபிக்க வேண்டும் என்று நினைக்கிறாய். துரத்தத் துரத்த அது உள்ளேதான் வரும். கடனையே எடுத்து ஆண்டவர் முன்னால் வை. இத்தனை ஆயிரம், இந்தத் தேதிக்குள், இந்த ஆளுக்கு என்று விவரமாகச் சொல்லு. 'எங்கள் அன்றாட உணவை' என்று ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தில் வருகிறதே, அது சோற்றைப் பற்றிய வரிதான். அவிலாவின் புனித தெரேசாவே, செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்கள் உண்டு என்கிறார். ஆனாலும் எழுந்து போகவில்லை. உட்கார்ந்திருந்தார்.

கேள்வி: பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது செபமாலையை வெளியே எடுக்கத் தயக்கமாக இருக்கிறது. விரலில் எண்ணிச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. பத்து விரல்தானே ஒரு பத்து மணி. பிப்ரவரி 4 திருநாளுக்கு ஓரியூருக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். 1693-ல் அதே தேதியில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய மண் அது. தோளில் பை, கையில் தண்ணீர்ப் பாட்டில், இடுப்பில் பிள்ளை. வழி முழுக்க வாய் செபமாலை சொல்லிக்கொண்டே போகும், பாதிப் பேர் விரலைத்தான் மடக்குவார்கள்.

கேள்வி: கல்லலில் இருந்து எழுதுகிறேன். ராத்திரி குடும்ப செபம் என்றாலே பெரியவன் செல்போனோடு மாடிக்குப் போய்விடுகிறான். சின்னவள் கொட்டாவி விடுகிறாள். கட்டாயப்படுத்துவதா, விட்டுவிடுவதா?

பதில்: எத்தனை நிமிடம் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. செபமாலை, மன்றாட்டுமாலை, நவநாள், பிறகு உங்கள் சொந்த வேண்டுதல் என்றால் முக்கால் மணியைத் தாண்டும். அதைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். பசியோடு எல்லாரும் ஓர் இடத்துக்கு வரும் நேரம் அது ஒன்றுதான்.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் குடும்ப செபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். 'ஆண்டவரே, இவன் கணக்கில் நாற்பதுதான் வாங்கியிருக்கிறான், இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும், பெரியவர்களை எதிர்த்துப் பேசும் குணத்தை மாற்றும்' என்று அப்பா செபிப்பார். பையன் தலையைக் குனிந்துகொண்டிருப்பான். அந்த நேரத்தில் அவன் காதில் விழுவது திட்டு மட்டும்தான். ஆண்டவர் முன்னால், தங்கச்சி முன்னால், பதில் பேச முடியாத இடத்தில் வாங்கும் திட்டு. அவன் மாடிக்குப் போவதற்கு இது காரணமாக இருக்குமோ என்று யோசித்துப் பாருங்கள். சொல்ல வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். செபத்தில் உங்கள் தவறுக்கு நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். 'இன்னைக்கு வேலையில வந்த எரிச்சலைப் பிள்ளைங்க மேல காட்டிட்டேன் ஆண்டவரே.' அப்பா வாயிலிருந்து இந்த வரியை ஒரு தடவை கேட்ட பிள்ளைக்கு செபம் என்றால் என்னவென்று விளங்கிவிடும்.

சின்னவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். விளக்கை அணைப்பது, விவிலியத்தை எடுத்துவருவது, யாருக்காகச் செபிப்பது என்று ஒரு பெயர் சொல்வது. பெயர் சொல்லச் சொன்னால் அவள் பூனைக்குட்டியின் பெயரைச் சொல்லுவாள். சொல்லட்டும், அதற்காகவும் செபியுங்கள்.

கேள்வி: வயது 71. நாற்பது வருஷமாகத் தினசரி பூசை, தினசரி செபமாலை. என் ஒரே மகன் குடிக்கு அடிமையாகி 15 வருஷமாகிறது. அழுது மன்றாடாத கோயில் இல்லை. அவன் மாறவில்லை. இப்போது செபமாலையைத் தொட்டாலே கசக்கிறது. பழக்கத்தை உண்டாக்குவது எப்படி என்று எழுதப்போகிறீர்கள். பழக்கம் இருந்தும் பலன் இல்லாதவனுக்கு என்ன எழுதுவீர்கள்?

பதில்: ஐயா, மோனிக்கா அம்மாள் தன் மகன் அகுஸ்தீனார் மனம் மாறக் கண்ணீர் விட்ட கதையை உங்களுக்கு நூறு பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவதில்லை. அது அவர்கள் வீட்டில் நடந்தது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2011-ல் என் கணவர் மதுரையில் ஆஸ்பத்திரியில் 43 நாள் இருந்தார். 43 நாளும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செபித்தேன். உறவுக்காரர்கள் செபித்தார்கள், மூன்று கோயிலில் பூசை வைத்தோம். போய்விட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் என் வாயிலிருந்து ஒரு செபமும் வரவில்லை. பரலோக மந்திரத்தில் 'உமது திருவுளம்' என்ற இடம் வந்ததும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பிறகு அந்தச் செபத்தைத் தொடங்குவதையே நிறுத்திவிட்டேன்.

ஆறு மணிக்கு நாற்காலியில் உட்காருவதையும் நிறுத்தினேன். பத்து நாள் போயிருக்கும். நான் சொன்னேனே, வளவில் இருக்கும் ஆச்சி, அவர் விளக்கேற்றிவிட்டு என் வாசலுக்கு வந்து நின்றார். 'டீச்சரம்மா, மணி அடிச்சு ஓஞ்சிருச்சு. நீங்க ஒக்காரலையா?' என்றார். 'என்னத்தை ஆச்சி சொல்றது, ஒண்ணும் வரலை' என்றேன். 'சொல்ல வேணாம். ஒக்காருங்க. நானும் ஐயா போனப்ப வெளக்கை மட்டுந்தான் ஏத்துனேன், கும்பிடலை' என்றார். அன்றைக்கு உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன். எட்டு மாதமும் அப்படித்தான், மணி அடித்ததும் உட்காருவேன், ஒன்பதாவது அடி ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போவேன். நான் இப்போது யோசித்துப் பார்க்கும்போது, என் வாழ்க்கையிலேயே அதிகம் செபித்தது அந்த எட்டு மாதத்தில்தான் என்று தோன்றுகிறது. பழக்கம் எதற்கு என்று கேட்டீர்கள். மனசு செத்துக் கிடந்தபோது என் உடம்பை அந்த நாற்காலிக்குத் தூக்கிக்கொண்டு போனது அதுதான்.

கசப்பாக இருந்தால் கசப்பாகவே சொல்லுங்கள். 88-ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். மற்ற புலம்பல் பாடல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும். இதில் வராது. இருள் என்ற சொல்லோடு முடிந்துவிடும். அதையும் எடுத்துத் தள்ளாமல் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். இன்றும் துறவிகள் பலர் வெள்ளிக்கிழமை இரவு படுக்கப்போகும் முன் அதைத்தான் சொல்கிறார்கள். கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் மூன்றாம் முறையும் போய், இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்ற அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயு எழுதுகிறார். அவர் கேட்டபடி கிண்ணம் அகலவில்லை. கேட்டது கிடைக்காதவர் வரிசையில் அவரும் நிற்கிறார், ஐயா. அந்தத் தோட்டத்துக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார உங்களுக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை.

இன்னொன்று. குடிநோய் ஒரு நோய். செபம் மருந்துக்குப் பதில் அல்ல. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மகன் வராவிட்டாலும் நீங்கள் ஒரு தடவை போய்ப் பேசுங்கள். குடிநோயிலிருந்து மீண்டவர்கள் கூடி நடத்தும் ஏ.ஏ. குழுக்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கின்றன. குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற அமைப்பு தனியாக உண்டு. 15 வருஷம் இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்தே சொல்கிறது.

செபமாலையைத் தொட முடியவில்லை என்றால் கொஞ்ச நாள் தொடாதீர்கள். மாலையில் மணி அடிக்கும்போது வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். உங்கள் மகன் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், இங்கே அச்சிடாமல் விட்டிருக்கிறேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில், அலமாரிக் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தேன். நேற்று ஆச்சி வந்தபோது யார் இது என்று கேட்டார், சொன்னேன். பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு விளக்கேற்றப் போனார்.